டப்பாவைத் திறக்கத் தெரியுமா?

ஜூன் பாதியில் பள்ளிகள் திறந்தன. அன்றிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் முக்கால் பங்கு பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றியே பேசுகின்றன. மும்பை தாராவியில் 90 அடிச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் 31 ஆண்டுகள் பால்வாடி நடத்தியவள் நான். மூன்று வயதும் நான்கு வயதுமாக நாற்பது பிள்ளைகளைப் பாயில் எதிரெதிராக இரண்டு வரிசை உட்காரவைத்துத் தினமும் பந்தி நடத்தியிருக்கிறேன். மராத்திக்காரர்கள் அதைப் பங்கத் என்பார்கள். வீட்டு டப்பா பாதி, எங்கள் கிச்சடி பாதி. தமிழ்ப் பிள்ளை, மராத்திப் பிள்ளை, உருது பேசும் பிள்ளை எல்லாரும் ஒரே வரிசை. இந்த விஷயத்தில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆகவே இந்த மாதம் முழுப் பகுதியும் சாப்பாட்டுக்கே.

*

என் மகள் இந்த ஆண்டுதான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். டப்பா தினமும் அப்படியே திரும்பி வருகிறது. காலை ஐந்து மணிக்கு எழுந்து எலுமிச்சை சாதம், நெய் தடவிய சப்பாத்தி, பொடி தூவிய இட்லி என்று மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டேன். கேட்டால் "பசிக்கவில்லை" என்கிறாள். வீட்டுக்கு வந்ததும் பாய்ந்து சாப்பிடுகிறாள். நான் என்ன செய்தால் அவளுக்குப் பிடிக்கும்?
- தாய், டோம்பிவிலி

சமையலை மாற்றுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நாளைக் காலை கட்டுவதுபோலவே டப்பாவைக் கட்டி, நான்கு மணி நேரம் கழித்து மகள் கையில் கொடுங்கள். நீங்கள் தொடாதீர்கள். அவளால் திறக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

என்னிடம் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி படித்தாள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். "ஏன் சாப்பிடவில்லை?" என்றால் "பசிக்கவில்லை, டீச்சர்" என்பாள். நானும் நம்பினேன். ஐந்தாம் நாள்தான் அவளுடைய கட்டைவிரல் நக ஓரம் சிவந்திருப்பதைக் கவனித்தேன். மூடியை நெம்பி நெம்பி வந்த சிவப்பு. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன். அடுத்த பிள்ளைக்குக் கிச்சடி போட்டுத் திரும்புவதற்குள் டப்பா காலி. முடியவில்லை என்று சொல்ல வெட்கப்படும் பிள்ளை பசிக்கவில்லை என்று சொல்லும். அந்தச் சிறுமி எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜூனிலும் முதல் வாரம் முழுவதும் டப்பா திறக்கவும் மூடவும்தான் என் வகுப்பில் பாடம்.

கொதிக்கக் கொதிக்கச் சாதத்தைப் போட்டு அழுத்தி மூடினால், உள்ளே நிறைந்த ஆவி ஆறும்போது நீராகிச் சுருங்கிவிடும். உள்ளே அழுத்தம் குறைந்ததும் வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பெரியவர்களே தரையில் தட்டித் திறக்கும் டப்பா அது. ஆறு வயதுக் கைக்கு எப்படி இணங்கும்? சாதத்தை நன்றாக ஆறவிட்டு மூடுங்கள். பக்கவாட்டில் கொக்கி உள்ள டப்பா இன்னும் நல்லது. ஆனால் கொக்கியையும் எந்த விரலால், எந்தப் பக்கம் தூக்குவது என்று காட்டிக் கொடுங்கள். தண்ணீர்ப் புட்டியின் திருகு, வாழைப்பழத்தின் காம்பு, ஆரஞ்சின் தோல் எல்லாம் இதே வகுப்பில் சேரும். நான்கு நாள் மாலையில் பயிற்சி கொடுத்தால் போதும்.

இன்னொன்றும் உண்டு. நம் வீட்டில் தமிழ் பேசி வளரும் பிள்ளை, பள்ளியில் வேறு மொழியில் உதவி கேட்க வேண்டியிருக்கிறது. "இதைத் திறந்து தாருங்கள்" என்ற ஒரே ஒரு வாக்கியத்தை அவள் பள்ளியில் பேசப்படும் மொழியில் சொல்லிக் கொடுங்கள். கண்ணாடி முன் நின்று பத்துத் தடவை சொல்லிப் பார்க்கட்டும். திறந்து கொடுத்தவருக்கு நன்றி சொல்லவும் கூடவே கற்றுக்கொள்வாள்.

சப்பாத்தியைச் சுருட்டி இரண்டாக வெட்டி வையுங்கள். குழம்பைப் பிசைந்தே வையுங்கள். பள்ளியில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் பிய்த்து, தொட்டு, மென்று முடிக்க இந்த வயதில் முடியாது.

*

மகனுக்கு மூன்று வயது. கைப்பேசியில் படம் ஓடினால்தான் வாயைத் திறக்கிறான். நான் 7.42 லோக்கல் ரயிலைப் பிடிக்க வேண்டும். பகல் முழுவதும் அத்தைதான் ஊட்டுகிறார். கைப்பேசியை எடுத்தால் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறான். பிள்ளை பட்டினி கிடக்கிறானே என்று அத்தை மறுபடி கொடுத்துவிடுகிறார். எனக்குக் குற்ற உணர்வாக இருக்கிறது.
- வேலைக்குச் செல்லும் தாய், முலுண்டு

மகளே, முதலில் அந்தக் குற்ற உணர்வை இறக்கி வையுங்கள். நீங்கள் ஓடும் ஓட்டம் எனக்குத் தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு இது: ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைவென்றால் நல்லது. மூன்று வேளையும் முக்கால் மணி நேரம் படம் பார்த்தபடி சாப்பிட்டால் சாப்பாட்டிலேயே அந்த அளவு இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. அளவைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. படத்தில் கண் ஒட்டியிருக்கும் பிள்ளைக்கு வாயில் இருப்பது கத்தரிக்காயா காரட்டா என்று தெரியாது. வயிறு நிறைந்ததும் தெரியாது. பசியும் நிறைவும் உடம்பு சொல்லும் செய்திகள். அவற்றைக் கேட்கும் பழக்கம் அவனுக்குப் போய்விடும்.

நம் வீடுகளில் பிள்ளைக்கு முதலில் தனியாக ஊட்டிவிட்டு, ஆண்கள் சாப்பிட்டு, கடைசியில் பாட்டியும் அம்மாவும் அடுப்படியில் சாப்பிடுகிறார்கள். அந்தப் பிள்ளை யாரும் சாப்பிடுவதைப் பார்த்ததே இல்லை. அவன் எதிரே இருப்பது ஒரு கை, ஒரு கிண்ணம். வேறு பார்க்க எதுவுமில்லாததால் கைப்பேசியைப் பார்க்கிறான். என் பந்தியில் வீட்டில் வாயே திறக்காத பிள்ளைகள் மூன்றாம் நாள் கிச்சடி அள்ளிச் சாப்பிட்டதற்கு என் சாமர்த்தியம் காரணமில்லை. எதிர்வரிசையில் இருபது பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே சனிக்கிழமை இரவு தொடங்குங்கள். வார நாள் காலை வேண்டாம். அந்த அவசரத்தில் யாராலும் உறுதியாக நிற்க முடியாது. எல்லாரும் ஒன்றாக உட்காருங்கள். பெரியவர்களின் கைப்பேசிகள் குளிர்பதனப் பெட்டியின் மேல் போய்விடட்டும். தட்டு எடுத்து வைப்பது அவன் வேலை. "அப்பாவுக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று" என்று எண்ணி வைக்கட்டும். எவர்சில்வர் தட்டு விழுந்தால் சத்தம் வரும், அவ்வளவுதான். அவனுக்கென்று ஒரு சின்னத் தட்டு, பாதி மட்டும் நிறைந்த டம்ளர். இரண்டு கரண்டி சாதம் போதும், வேண்டுமென்றால் கேட்கட்டும்.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் சொன்ன ஒரு பங்கீடு உண்டு. என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளை முடிவு செய்யும். இதை நான் படித்தபோது வேலையில் பாதி ஆண்டுகள் கடந்திருந்தன. முன்பே தெரிந்திருந்தால் எத்தனையோ அழுகைகளைத் தவிர்த்திருப்பேன். இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆனதும் தட்டை எடுத்துவிடுங்கள். கோபம் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். அடுத்த வேளை மூன்று மணி நேரம் கழித்து. நடுவில் தண்ணீர் மட்டும், பிஸ்கட் கூடாது. இந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகள் வழுக்கி விழுகின்றன. இரண்டு மூன்று நாள் அழுவான். நலமாக இருக்கும் பிள்ளை ஒரு வேளை குறைவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. எடை குறைகிறது, சோர்ந்து கிடக்கிறான் என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அத்தையிடம் "நீங்கள்தான் கெடுக்கிறீர்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். பகல் முழுவதும் உங்கள் பிள்ளையைச் சுமப்பவர் அவர். "அத்தை, இனிமேல் நீங்களும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுங்கள். உங்களைப் பார்த்துத்தான் அவன் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று சொல்லுங்கள். அவரிடம் அப்படி யாரும் இதுவரை சொல்லியிருக்க மாட்டார்கள்.

*

பேரப் பிள்ளைகள் சாப்பிடும்போது ஓயாமல் பேசுகிறார்கள். உண்ணும்போது பேசக்கூடாது என்று நம் ஆசாரக்கோவையே சொல்கிறது. சென்ற மாதம் ஒரு திருமணப் பந்தியில் ஆறு வயதுப் பேத்தி இலை முழுவதும் ரசத்தை ஓடவிட்டு, பாதியில் எழுந்து ஓடிவிட்டாள். எனக்கு அவமானமாகப் போயிற்று. கண்டித்தால் மருமகளுக்குப் பிடிப்பதில்லை.
- தாத்தா, மாட்டுங்கா

ஐயா, வணக்கம். ஆசாரக்கோவையில் பெருவாயின் முள்ளியார் அப்படித்தான் பாடியிருக்கிறார். கிழக்கு நோக்கி, அசையாமல், வேறெங்கும் பாராமல், பேசாமல், உணவைத் தொழுது, சிந்தாமல் உண்ண வேண்டும் என்கிறார். அதே நூலில் அடுத்து வரும் பாட்டையும் நினைவுபடுத்த அனுமதியுங்கள். விருந்தினர், மூத்தோர், பசு, பறவை, பிள்ளை இவர்களுக்குக் கொடுக்காமல் தாம் உண்ண மாட்டார்கள் என்று அது நல்லவர்களைச் சொல்கிறது. பேசாமல் உண்பது தன்னை ஆள்பவருக்கு. முதலில் கவனிக்கப்படுவது பிள்ளைக்கு. நான் அந்த இரண்டு பாட்டையும் சேர்த்து அப்படித்தான் படிக்கிறேன்.

என் அப்பா பரேலில் ஒரு மில்லில் வேலை பார்த்தார். இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் வாய் திறக்காமல் சாப்பிடுவார். அவர் இல்லாத வேளையில்தான் நாங்கள் ஐந்து பேரும் சாப்பாட்டில் பேசினோம், சிரித்தோம். இன்று நினைத்தால் அவரை அந்தச் சிரிப்பில் சேர்க்காமல் போனோமே என்று இருக்கிறது. பேரப் பிள்ளைகள் உங்கள் எதிரே பேசுகிறார்கள் என்றால் அது உங்களுக்குக் கிடைத்த பேறு. வாயில் சோற்றோடு பேசாதே, ஒருவர் பேசும்போது குறுக்கே பேசாதே. இந்த இரண்டும் போதும்.

திருமணப் பந்திக்கு வருகிறேன். அந்தக் குழந்தை தன் வாழ்நாளில் எத்தனை முறை இலையில் சாப்பிட்டிருப்பாள்? தட்டுக்கு விளிம்பு உண்டு, இலைக்கு இல்லை. தெரியாத கலையில் நேராகத் தேர்வு வைத்தால் யாரும் தோற்பார்கள். நீங்கள் மாட்டுங்காவில் இருக்கிறீர்கள். வாழை இலைக்கு அலைய வேண்டியதில்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமை, மதியம் வீட்டில் இலைச் சாப்பாடு போடச் சொல்லுங்கள். வாத்தியார் நீங்கள்.

இலையின் குறுகிய நுனி இடப்பக்கம் வர வேண்டும் என்று அவளே பார்த்துப் போடட்டும். தண்ணீர் தெளித்துத் துடைக்கட்டும். வரிசையில் எல்லாருக்கும் பரிமாறி முடியும்வரை கை மடியில் இருக்கட்டும். பெரியவர் கை வைத்த பிறகு இவள் கை வைக்கலாம். போதும் என்றால் கரண்டி சாய்வதற்கு முன்பே இலைக்கு மேலே கையைக் காட்ட வேண்டும். விழுந்த பிறகு வேண்டாம் என்பது பரிமாறுபவருக்கும் சங்கடம், உணவுக்கும் கேடு.

ரசத்துக்கு மட்டும் தனியாக ஒரு பாடம் வேண்டும். சாதத்தை நடுவில் குவித்து, நான்கு விரலின் பின்பக்கத்தால் மெல்ல அழுத்திப் பள்ளம் செய்யவேண்டும். சுற்றிலும் வரப்பு ஒரே உயரமாக நிற்கவேண்டும். ரசம் கொஞ்சம் விழுந்ததும் "போதும்" சொல்லி, வரப்பின் உள்பக்கத்திலிருந்து சாதத்தைச் சரித்துப் பிசையவேண்டும். வெளிப்பக்கத்தைத் தொட்டால் உடையும். முதல் ஞாயிறு உடையும். இரண்டாவது ஞாயிறும் உடையும். மூன்றாம் ஞாயிறு அவள் உங்களைக் கூப்பிட்டுக் காட்டுவாள். நடுவில் ஒரு முறை உங்கள் வரப்பும் கொஞ்சம் உடையட்டும். நீங்கள் அதை எப்படிச் சேர்த்து எடுக்கிறீர்கள் என்று அவள் பார்க்கட்டும்.

எழுந்து ஓடுவது பற்றி: ஆறு வயதுக்குப் பதினைந்து நிமிடம் உட்காருவதே பெரிய வேலை. அதற்குமேல் ஆனால் "தாத்தா, நான் எழுந்திருக்கலாமா?" என்று கேட்டுவிட்டு எழப் பழக்குங்கள். கேட்டால் எப்போதும் சரி என்று சொல்லுங்கள்.

*

பள்ளியில் மகன் கையால் தயிர்சாதம் சாப்பிட்டதைப் பார்த்து வகுப்பில் சிரித்திருக்கிறார்கள். கரண்டியோடு அனுப்பும்படி குறிப்பு வந்தது. வீட்டிலும் இப்போது கையால் சாப்பிட மாட்டேன் என்கிறான். எதைக் கற்றுக்கொடுப்பது?
- தந்தை, பவாய்

இரண்டையும். ஆனால் கையை முதலில்.

கையால் சாப்பிடுவதில் ஒழுங்கில்லை என்று நினைப்பவர்கள், ஒழுங்காகக் கையால் சாப்பிடுபவரைப் பார்த்ததில்லை. உள்ளங்கையில் ஒரு பருக்கை ஒட்டக்கூடாது. விரலின் இரண்டாம் கணுவுக்கு மேலே ஈரம் ஏறக்கூடாது. நான்கு விரல்களையும் சேர்த்து லேசாகக் குவித்து ஒரு வாய் அளவு எடுக்கவேண்டும். வாயருகே கொண்டுபோனதும் கட்டைவிரலின் நகப்பக்கம் பின்னாலிருந்து தள்ளவேண்டும். விரல் வாய்க்குள் போகாது. சோறு மட்டும் போகும். இது தெரியாமல்தான் பிள்ளைகள் வாயை அகலத் திறந்து, கையைத் திணித்து, முகமெல்லாம் பூசிக்கொள்கிறார்கள். அந்தக் கட்டைவிரல் தள்ளலை மட்டும் வெறுங்கையில், சோறில்லாமல், விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். சாப்பிடும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டு இருபது நொடி கழுவுவது, நகம் வெட்டியிருப்பது இரண்டும் இதோடு சேர்ந்தவை.

கரண்டிக்கு வாரத்தில் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். உப்புமா கரண்டிக்கு ஏற்றது, ஒட்டும், சிந்தாது. முள்கரண்டிக்கு வெந்த உருளைக்கிழங்குத் துண்டு. கரண்டியைக் கைப்பிடிக்குள் முட்டியாகப் பிடிக்காமல் பென்சில் பிடிப்பதுபோலப் பிடிக்க நான்கைந்து வயதில் வந்துவிடும். கரண்டியால் தட்டைத் தட்டுவது, வாயில் வைத்துக் கடிப்பது, முள்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பது மூன்றையும் முதல் நாளே நிறுத்துங்கள்.

மகனிடம் இதையும் சொல்லுங்கள்: "பள்ளியில் கரண்டி வழக்கம், நம் வீட்டில் கை வழக்கம். உனக்கு இரண்டும் தெரியும்." நீங்களும் அவன் எதிரே உட்கார்ந்து கையால் சாப்பிடுங்கள். அப்பா உணவகத்தில் கரண்டியும் வீட்டில் கையுமாகச் சாப்பிடுவதைப் பார்த்தாலே அவனுக்குப் பாதி வெட்கம் போய்விடும்.

*

மகன் இடக்கைப் பழக்கமுள்ளவன். சாப்பிடும்போது மாமியார் அந்தக் கையை அடிக்கிறார்.
- தாய், சயான்

அடிக்கக்கூடாது. இன்றோடு நிற்கவேண்டும். பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவர் இடக்கைக்காரர். அது அவருடைய பிறப்பு. அவன் எந்தக் கையால் சாப்பிட்டாலும் கையைக் கழுவியிருந்தால் சுத்தம்தான். பிறருக்கு எதையாவது கொடுக்கும்போது மட்டும் வலக்கையால் கொடுக்கக் கற்றுக்கொடுங்கள். மாமியார் மனம் ஆறுவதற்கு அது போதும். பந்தியில் அவனை வரிசையின் இடது ஓரத்தில் உட்காரவையுங்கள். பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு மோதல் வராது.

*

ஏழு வயது மகள் சமையலறைக்குள் வரத் துடிக்கிறாள். கத்தி, அடுப்பு என்றால் என் மனைவிக்குப் பயம். எந்த வயதில் என்ன வேலை கொடுக்கலாம்? பெண் பிள்ளை, எப்படியும் கற்றுக்கொள்ளத்தானே வேண்டும்? அவளுக்குப் பத்து வயதில் அண்ணன் இருக்கிறான். அவன் படிப்பில் கெட்டி.
- தந்தை, செம்பூர்

அண்ணனைப் பற்றி நீங்கள் ஏன் எதுவும் கேட்கவில்லை? இருவருக்கும் வயிறு இருக்கிறது. நாளைக்கு அவன் புனேயிலோ பெங்களூரிலோ அறை எடுத்துத் தங்கும்போது மூன்று வேளையும் யார் சமைத்துப் போடுவார்கள்? என் பதில் இருவருக்கும் சேர்த்துத்தான். பெண் பிள்ளைக்கு மட்டும் என்றால் நான் எழுத மாட்டேன்.

மூன்று வயதிலேயே தொடங்கலாம். பூண்டு உரிப்பது, கொத்தமல்லி கிள்ளுவது, அரிசி களைவது, மாவில் தண்ணீர் ஊற்றுவது. முருங்கைக்கீரை ஆய்வது எனக்கு மிகவும் பிடித்த பாடம். ஒரு முறத்தில் கீரையைக் கொட்டி, பக்கத்தில் ஒரு கிண்ணம். காம்பின் நுனியை ஒரு கையில் பிடித்து, மறு கையின் இரண்டு விரல்களால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. இலை உதிரும், காம்பு கையில் நிற்கும். எதிர்த்திசையில் இழுத்தால் காம்பும் ஒடிந்து சேர்ந்து வரும். பிள்ளை அதைத் தானே கண்டுபிடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். பழுத்த இலை, பூச்சி அரித்த இலை என்று பிரித்து வைக்கும்போது அந்தக் கண்கள் எவ்வளவு கூர்மையாகிவிடும்! பிறகு மூன்று தண்ணீரில் அலசச் சொல்லுங்கள். இந்த மழைக்காலத்தில் கீரையில் மண் அதிகம். தான் ஆய்ந்த கீரையை வேண்டாம் என்று தள்ளிய பிள்ளைகளை நான் அதிகம் பார்க்கவில்லை. புதிய காய் எதுவானாலும் பத்துப் பதினைந்து முறை தட்டில் கண்ட பிறகே சில பிள்ளைகளுக்குப் பழகும். தட்டில் வருவதற்கு முன் கையில் வந்துவிட்டால் பழக்கம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஐந்து ஆறு வயதில் சப்பாத்தி. மாவு பிசைந்து, உருட்டி, தேய்க்கலாம். இந்திய வரைபடம்போல வந்தாலும் அதைச் சுட்டு அவர்கள் தட்டிலேயே போடுங்கள். அவித்த முட்டை உரிப்பது, மோர் கலக்குவது, எலுமிச்சை பிழிவது, ரொட்டியில் பச்சைச் சட்னி தடவுவது எல்லாம் இந்த வயதுக்கே.

கத்தியை ஏழு வயதில் கொடுக்கலாம், வரிசையாக. மொண்ணைக் கத்தியும் வாழைப்பழமும் முதலில், அடுத்து வெந்த உருளைக்கிழங்கு, பிறகு வெள்ளரிக்காய். வெள்ளரியை நீங்கள் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, தட்டைப் பக்கம் கீழே வரும்படி வைத்துக் கொடுங்கள், உருளாது. பிடிக்கும் கையின் விரல் நுனிகள் உள்ளே மடங்கியிருக்க, கணுக்கள் கத்தியின் பக்கம் இருக்கவேண்டும். நின்று நறுக்கினால் பலகை இடுப்புயரத்தில் இருக்கட்டும். அரிவாள்மணை இப்போது வேண்டாம்.

பத்து வயதுக்கு முன் அடுப்பு வேண்டாம். அதற்குப் பிறகும் பெரியவர் ஒருவர் அருகிலேயே நிற்க வேண்டும். பாத்திரக் கைப்பிடி உள்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். துப்பட்டா, தளர்ந்த முடி இரண்டும் கட்டியிருக்க வேண்டும். குக்கரும் கொதிக்கும் எண்ணெயும் அந்த வயதிலும் கூடாது. இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறப்பதும் பெரியவர் வேலைதான். ஆவி சுடும் சூடு பிள்ளைகளுக்குத் தெரியாது.

உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. ஞாயிறு காலை அவர் வெளியே உட்காரட்டும். பிள்ளைகளோடு நீங்கள் உள்ளே நில்லுங்கள்.

*

தட்டில் ஒரு பருக்கை மீதம் வைக்கக்கூடாது என்று வளர்ந்தவள் நான். என் பிள்ளை தினமும் மீதம் வைக்கிறான். முடிக்கும்வரை எழுந்திருக்க விடக்கூடாதா?
- வாசகி, தாராவி

இந்தக் கேள்வியைப் படித்ததும் என் கை கொஞ்ச நேரம் ஓடவில்லை.

1982-இல் மில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது எனக்கு 23 வயது. மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. அம்மா அரிசியை டம்ளரில் அளந்து, ஒரு பிடியைத் திரும்பப் பானையில் போடுவார். அந்தப் பிடி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பால்வாடி தொடங்கியபோது அந்த வைராக்கியத்தோடுதான் தொடங்கினேன். ஒரு சோறு வீணாக விடமாட்டேன். முதல் ஆண்டில் ஒரு பையன் கிச்சடியைப் பாதியில் நிறுத்தினான். "முடித்தால்தான் எழுந்திருக்கலாம்" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அழுதுகொண்டே விழுங்கினான். முழுவதும் முடித்தான். அடுத்த நிமிடம் அத்தனையும் வெளியே வந்தது. அன்று மாலை அவன் அம்மா சொன்னார், காலையிலிருந்தே காய்ச்சலாம். அவனுடைய உடம்பு "போதும்" என்று சொன்னது. என் பசியின் நினைவு அவன் வாயில் சோற்றைத் திணித்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்குப் புரிந்ததா தெரியாது.

மறுநாளிலிருந்து முறையை மாற்றினேன். முதல் தடவை சின்னக் கரண்டி ஒன்று மட்டும். வேண்டும் என்பவர் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். பெரிய பிள்ளைகள் தாங்களே பரிமாறிக்கொள்ளலாம். எடுத்ததைச் சாப்பிட முயல வேண்டும். பாத்திரத்தில் மிஞ்சியது யார் வாயும் படாத உணவு, அதை இன்னொருவர் சாப்பிடலாம். ஒரு மாதத்தில் தொட்டியில் விழும் சோறு கைப்பிடிக்கும் குறைந்தது. வீணாக்கக்கூடாது என்ற உங்கள் எண்ணத்தை விடாதீர்கள், அம்மா. அதைத் தட்டில் வைக்காமல் பரிமாறும் கரண்டியில் வையுங்கள்.

*

ஒன்றரை வயதுப் பேரனுக்கு வறுத்த வேர்க்கடலை பிடிக்கிறது. கொடுக்கலாமா?
- பாட்டி, காட்கோபர்

கூடாது, ஆச்சி. ஐந்து வயது வரை முழுக் கடலை எதுவும் வேண்டாம். மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். நைசாகப் பொடித்துச் சாதத்தில் கலந்து கொடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். பாப்கார்ன், கெட்டி மிட்டாய், பச்சைக் காரட் துண்டு இவையும் முழுக் கடலையைப்போலவே வேண்டாம். ஓடிக்கொண்டும் படுத்துக்கொண்டும் சிரித்து விளையாடிக்கொண்டும் எதையும் தின்னக்கூடாது. உட்கார்ந்து சாப்பிடச் சொல்வதில் ஒழுங்கு மட்டுமா, உயிரும் இருக்கிறது. ஏதாவது அடைத்துப் பிள்ளையால் இருமவோ அழவோ முடியவில்லை என்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, உடனே முன்பக்கம் சாய்த்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை பலமாகத் தட்டவேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவக்கூடாது. இன்னும் உள்ளே போய்விடும். வீட்டில் ஒருவராவது இந்த முதலுதவியை முழுமையாகப் பயிற்சி பெற்றவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

*

பக்கத்து வீட்டு மராத்திக் குடும்பம் மகளைச் சாப்பிட அழைத்தது. உலர்ந்த பொம்பில் கருவாட்டுக் குழம்பைப் பார்த்து "நாறுகிறது" என்று சொல்லிவிட்டாள். அவர்கள் சிரித்துக்கொண்டார்கள். எனக்குத்தான் முகம் காட்ட முடியவில்லை. ஐந்து வயது.
- தாய், விக்ரோலி

அடிக்காமல் இருந்தீர்களே, நல்லது. ஐந்து வயதுக்கு உண்மை தெரியும். உண்மையைச் சொல்லும் விதம் இன்னும் தெரியாது. பிடிக்காததைச் சாப்பிட வேண்டியதில்லை என்று முதலில் அவளிடம் சொல்லுங்கள். பிறகு, அதைச் சமைக்க அந்த ஆஜி, அதாவது அந்த வீட்டுப் பாட்டி, எத்தனை நேரம் அடுப்பருகே நின்றிருப்பார் என்று கேளுங்கள். அவளே யோசித்துச் சொல்லட்டும். "எனக்கு வேண்டாம், ஆஜி, சாதம் மட்டும் போதும்" என்பதை மராத்தியில் சொல்லப் பழக்குங்கள்.

நாளை முறுக்கோ தேங்காய் பர்பியோ எது வீட்டில் இருக்கிறதோ அதை ஒரு தட்டில் வைத்து அவளை அழைத்துக்கொண்டு போங்கள். தட்டு அவள் கையில் இருக்கட்டும். நீங்கள் அவளுக்காக மன்னிப்புக் கேட்க வேண்டாம். அவள் கொடுக்கும்போது பக்கத்தில் நின்றால் போதும். இந்த ஊரில் எந்த வீட்டுத் தட்டும் வெறுமையாகத் திரும்பாது. இரண்டு நாளில் அதில் ஏதாவது வரும். வந்ததில் ஒரு வாய் மட்டும் சுவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தட்டை அவளே கழுவட்டும்.